ஒற்றைச் சாவிக் குடித்தனம்

அக்காவின் கல்யாணம் உடைந்ததற்குத் தொழிற்சாலைதான் காரணம் என்று எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் சொல்கிறவர்கள் உண்டு. அவர்களில் ஒருவர்கூட அந்த வீட்டுக்குள் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தவரில்லை. நான் பார்த்தேன். அதனால் இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "உனக்கு வாய் ரொம்ப நீளம்டி" என்பாள் அம்மா. நீளம்தான். அன்றைக்கு நீள வேண்டிய இடத்தில் நீளவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

இரண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்கில் தாம்பரம் மேற்கில் போய் நின்றால் கண்ணில் படுவதெல்லாம் கம்பெனி பஸ்கள்தான். ஸ்ரீபெரும்புதூருக்கு, ஒரகடத்துக்கு, மறைமலைநகருக்கு என்று வரிசையாக நிற்கும். ஈரத் தலையும் கழுத்தில் அடையாள அட்டையுமாகப் பெண்பிள்ளைகள் ஓடி ஏறுவார்கள். பஸ் நகரும் முன்பே பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள். அக்காவும் அவர்களில் ஒருத்தி. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் செல்போன் செய்யும் தொழிற்சாலையில் அவளுக்கு முதல் ஷிப்ட். அவள் புருஷனுக்கு ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் இரண்டாவது ஷிப்ட். அவரை நான் மச்சான் என்று கூப்பிடுவேன்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். விடியுமுன் அவள் கிளம்பும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். அவர் வேலை முடிந்து வந்து கதவைத் தட்டும்போது அவள் அரைத் தூக்கத்தில் எழுந்து திறந்துவிட்டு மறுபடி படுத்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாளில் இரண்டு பேரும் கண் விழித்த நிலையில் சந்திக்கும் இடம் தாம்பரம் பஸ் நிறுத்தம் மட்டும்தான். மத்தியானம் அவள் பஸ் வந்து நிற்கும், அவர் பஸ் கிளம்பக் காத்திருக்கும். அங்கே ஒரு ஜூஸ் கடை வாசலில் அவர் அவளுக்கு வீட்டுச் சாவியைக் கொடுப்பார்.

குடிவந்த புதிதில் பூட்டோடு வந்த இரண்டு சாவியில் ஒன்று கீழ்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒற்றைச் சாவிதான். எனக்குச் சனி, ஞாயிறு விடுமுறை என்பதால் சில சனிக்கிழமைகளில் அக்காவை அழைத்துக்கொண்டு கடைவீதிக்குப் போக அந்த நிறுத்தத்துக்குப் போவேன். அவள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே கையை நீட்டிக்கொண்டு வருவாள். அவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அந்த உள்ளங்கையில் வைப்பார். கூடவே ஒரு கடலை மிட்டாய் இருக்கும். "அரிசி ஊறப் போட்டிருக்கேன்" என்பார், அல்லது "மோட்டார் ரிப்பேர், தண்ணி பார்த்து செலவு பண்ணு" என்பார். அவள் தலையாட்டுவாள். அவ்வளவுதான் குடும்பம்.

"ஸ்டேஷன் பக்கத்துல சாவி போடுறவரு உக்காந்திருக்காரு. ஒரு டூப்ளிகேட் போட்டா என்ன, குடியா முழுகிடும்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"போடணும்" என்றாள் அக்கா. மிட்டாயைக் கடித்துக்கொண்டே சிரித்தாள். அவள் போடப்போவதில்லை என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

அன்று அவளோடு அவள் வீட்டுக்கும் போனேன். உள்ளே நுழைந்ததும் அசந்துபோனேன். கழுவிய பாத்திரங்கள் துணிமேல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. கொடியில் காய்ந்த துணியெல்லாம் மடித்து அடுக்கியிருந்தது, அக்காவின் சுடிதார் உட்பட. அப்பாவை நாங்கள் அத்தா என்போம்; அவர் தான் தண்ணீர் குடித்த டம்ளரைக்கூட இருந்த இடத்திலிருந்து நகர்த்தியவரில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யாருகிட்டயும் சொல்லாதடி. அவருகிட்டயும் கேட்டுடாத. நானே கேட்டதில்ல. கேட்டா வெட்கப்பட்டு நிறுத்திடுவாரு."

அவள் அதைச் சொன்னபோது முகம் எப்படி இருந்தது என்பது இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கல்யாணத்தன்றுகூட அவ்வளவு சந்தோஷமாக அவளைப் பார்த்ததில்லை. ஆளில்லாத வீட்டில் ஒரு மனுஷன் செய்துவைத்துப் போன வேலைகளைப் பார்த்துப் பார்த்தே அவர்மேல் ஆசை வைத்திருந்தாள் அவள். அவள் ஹாட்பாக்ஸில் சோறும் குழம்பும் வைத்துவிட்டுப் போவாள், அவர் சாப்பிட்டுக் கழுவி வைத்துவிட்டுப் போவார். பேச்சில்லாமலே ஒருவருக்கு ஒருவர் செய்துகொண்டிருந்தார்கள்.

எனக்கு அப்போது சிறுசேரியில் வேலை. வெளிநாட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றின் கோப்புகளில் பெயர் மாற்றும் வேலை. எங்கோ குளிர் தேசத்தில் ஒருவர் மனைவியை விட்டுப் பிரிந்தால், இங்கே நான் அந்த அம்மாளின் பெயரை எடுத்துவிட்டுப் புதுப் பெயரைச் சேர்ப்பேன். பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த வாழ்க்கை நிகழ்வுகளில் கல்யாணம், குழந்தை, வீடு மாற்றம், விவாகரத்து, மரணம் எல்லாம் ஒரே மூச்சில் வரும். டீ குடிக்கப் போவதற்குள் பல பெண்டாட்டிகளின் பெயரை நீக்கியிருப்பேன். முதலில் கை கூசியது. பிறகு பழகிவிட்டது. ஆலைகள் முதலில் வந்த தேசங்கள் அவை, அதனால்தான் குடும்பங்கள் இப்படிச் சிதறுகின்றன, நம்மூருக்கும் ஆலை வந்தாயிற்று, எச்சரிக்கையாக இருங்கள் என்று எங்கள் பள்ளிவாசலில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகையில் பயான், அதாவது பிரசங்கம், நடந்ததாக அத்தா வந்து சொன்னார். நானும் கொஞ்சம் பயந்துதான் போனேன்.

பயத்துக்கு வேலை வைத்தவர் மச்சானின் அம்மா. பல்லாவரத்தில் மூத்த மகனோடு இருந்தவர், இவர்களோடு சில நாள் தங்கலாம் என்று வந்தார். பெற்ற பிள்ளை தானே சோறு போட்டுச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவுவதைப் பார்த்தால் எந்தத் தாய்க்குப் பொறுக்கும்? கல்யாணமாகி மூன்று வருஷமாகியும் குழந்தை இல்லை என்ற குறை வேறு. "பொண்டாட்டி இருந்தும் எம்புள்ள ஒண்டியா கெடக்கான்" என்று ஜமாஅத்தில் போய் அழுதுவிட்டார். புருஷன் பெண்டாட்டி விவகாரம் என்றால் எங்களில் முதலில் பள்ளிவாசல் ஜமாஅத்தில்தான் பேசுவார்கள். இரண்டு வீட்டு ஆண்களையும் வைத்துப் பெரியவர்கள் சமரசம் செய்வார்கள்.

சாயங்கால அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசலை ஒட்டிய மதரஸா அறையில் கூடினார்கள். அக்காவும் நானும் பக்கத்து வகுப்பறையில் கதவோரம் உட்கார்ந்திருந்தோம். சொல்வதெல்லாம் காதில் விழுந்தது. புருஷனும் பெண்டாட்டியும் பிரிந்தே இருந்தால் மனசும் பிரிந்துவிடும் என்று ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னார்கள். சொன்னவர்களில் பாதிப் பேர் துபாயிலும் சவூதியிலும் வருஷக்கணக்கில் இருந்து வந்தவர்கள். கேசட்டில் குரலைப் பதிவுசெய்து அனுப்பிக் குடும்பம் நடத்தியவர்கள். அவர்கள் குடும்பமெல்லாம் குத்துக்கல்லாட்டம் நிற்கிறது, தினமும் பஸ் நிறுத்தத்தில் முகம் பார்க்கிற எங்கள் அக்காவுக்குத்தான் மனசு பிரிந்துவிடுமாம். எழுந்துபோய்க் கேட்டுவிடலாமா என்று எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அக்கா என் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

தீர்ப்பு சுலபமாக வந்தது. ஜமாஅத் செயலாளர் மச்சானின் கம்பெனிக்கு ஒப்பந்தத்தில் வேன் ஓட்டுகிறவர். அங்கே அதிகாரிகளைத் தெரியும். மச்சானையும் முதல் ஷிப்ட்டுக்கு மாற்றிவிடுவது, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் போய் ஒரே நேரத்தில் வரட்டும் என்று முடிவாயிற்று. செயலாளர் குரலை உயர்த்தி எங்கள் பக்கம் கேட்டார்: "சம்மதம்தானேம்மா?"

"அவரு சொல்றபடி" என்றாள் அக்கா.

"பெரியவங்க சொல்றபடி" என்றார் மச்சான்.

வேறென்ன சொல்ல முடியும்? எங்களைச் சேர்த்து வைக்காதீர்கள், இப்படியே நன்றாக இருக்கிறோம் என்று எந்தப் புருஷன் பெண்டாட்டி சபையில் சொல்வார்கள்? அத்தாவுக்கு ஒரே சந்தோஷம். தாம்பரத்தில் அவருக்கு வண்டி சீட் கவர் தைக்கும் கடை இருந்தது. வீடு கடைக்குப் பின்னால். நாள் முழுக்க அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டே தைத்தவர். புருஷனும் பெண்டாட்டியும் கூப்பிடு தூரத்தில் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

அம்மாதான் லேசாக இழுத்தாள். "கிட்ட இருந்தா முட்டப் பகைன்னு சொல்லுவாங்க."

"அது மாமியா மருமவளுக்குச் சொன்னது. இவுங்களுக்கு இன்னா வந்துச்சு?" என்றார் அத்தா. மச்சானின் அம்மாவும் மனசு குளிர்ந்து பல்லாவரத்துக்குத் திரும்பிவிட்டார். மாற்றம் வந்த முதல் ஞாயிறு பிரியாணி செய்து தூக்குச்சட்டியில் கொடுத்தனுப்பினோம்.

ஒரே ஷிப்ட் வந்த பிறகு அந்த வீட்டில் மச்சான் பாத்திரத்தைத் தொடவில்லை. இரண்டு பேரும் களைத்துப்போய் ஒன்றாகத்தான் படியேறுவார்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து டிவியைப் போடுவார். அவள் அடுப்பைப் பற்ற வைப்பாள். "தண்ணி" என்று ஒரு சத்தம் வரும். அந்த நேரத்தில் கீழ்வீட்டுக்காரர்கள் மாடிப்படியில் உட்கார்ந்து காற்று வாங்குவார்கள். அவர்களுக்கு இந்த வீட்டுச் சமையலறை நேராகத் தெரியும். மனைவி நிற்கும்போது ஒரு ஆண்பிள்ளை அங்கே பாத்திரம் தேய்ப்பதாவது.

"பாத்திரம் அப்படியே கெடக்குடி" என்றாள் அக்கா போனில்.

"செய்யச் சொல்லேன். முன்னாடி செஞ்சவர்தானே?"

"எப்படிச் சொல்றது? அவரு அதைச் செஞ்சாருன்னே நாங்க பேசிக்கிட்டது இல்லையே."

கொஞ்ச நாளில் பேச்சு வளர்ந்தது, ஆனால் வேண்டாத பேச்சு. போனில் யார், பஸ்ஸில் பக்கத்தில் யார், லைன் லீடர் எதற்காக ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறான் என்று மச்சானின் கேள்விகள். அவள் சம்பாதிப்பது முன்பும் அவருக்குத் தெரியும். ஆனால் இப்போது அவள் கிளம்புவதையும் அலுத்து வருவதையும் தினமும் கண்ணால் பார்க்கிறார். வேலையை விடு என்றார். விட மாட்டேன் என்றாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோம் என்று எனக்குத் தோன்றியது. அத்தாவிடம் சொன்னேன். புதுசா ஒண்ணா இருக்காங்க, பழகிடும் என்றார். அக்காவின் குரல் நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டே வந்தது. எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு நாள் அத்தா விடிகாலை ஃபஜ்ர் தொழுதுவிட்டு வந்த நேரம் அக்காவிடமிருந்து போன் வந்தது. அவள் குளித்துவிட்டு வருவதற்குள் மச்சான் வெளியே பூட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். இருப்பதோ ஒற்றைச் சாவி. அவள் கம்பெனி பஸ் தாம்பரத்திலிருந்து கிளம்பியிருந்தது. மத்தியானம் அவர் வரும்வரை அவள் உள்ளேதான் இருக்க வேண்டும். அழவில்லை, மூச்சு மட்டும் வாங்கியது.

அத்தா கடையைத் திறந்து சுத்தியலும் உளியும் எடுத்துக்கொண்டார். மொபெட்டில் பின்னால் நான் உட்கார்ந்தேன். ராஜகீழ்ப்பாக்கம் போய்ச் சேர்ந்தோம். மாடியில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அக்கா நின்றாள். யூனிஃபார்ம் போட்டு, தலை சீவி, கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு நின்றாள். கீழ்வீட்டுக்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள்.

"மாப்பிள்ளைக்குப் போன் போட்டு வரச் சொல்லட்டாம்மா?" என்று அத்தா கேட்டார். பூட்டை உடைத்தால் அதன் பிறகு என்ன என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"வேணாம். உடைங்க அத்தா" என்றாள்.

பூட்டு சீக்கிரம் விட்டுவிட்டது. "நல்லாத்தான் இருந்துகினு இருந்தீங்க, நான்தாம்மா பேஜார் பண்ணிட்டேன்" என்று சொல்லிவிட்டு அத்தா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அக்கா ஒரு பையில் துணிகளை எடுத்துக்கொண்டு எங்களோடு வந்துவிட்டாள். கிளம்புமுன் அத்தனை அவசரத்திலும் முந்தின நாள் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் வந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அதையெல்லாம் எட்டி உதைக்க வேண்டும் போலிருந்தது.

மறுபடியும் அதே மதரஸா அறை. இந்த முறை அக்கா குலா கேட்டாள். பெண் தானாகவே கேட்டுப் பிரிவதற்கு எங்களில் அதுதான் பெயர். நிக்காஹ்வில் மஹராகக் கணவன் தந்ததைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அக்கா மஹர்ச் சங்கிலியைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தாள்.

இமாம் வயதில் சின்னவர், பொறுமையாகப் பேசுவார். ஏன் பூட்டினீர்கள் என்று மச்சானைக் கேட்டார்.

"ஒரு நாளாச்சும் எல்லார் வூட்டையும் போல இருக்கட்டும்னு நினைச்சேன் ஹஜ்ரத்" என்றார் மச்சான். "நான் வரும்போது அவ வூட்ல இருக்கணும், கதவைத் திறந்து உள்ள போவணும். வேற ஒண்ணும் இல்ல."

"இப்ப உங்களுக்கு என்ன வேணும்?"

மச்சான் செயலாளரிடம் சொன்னார்: "என்னை மறுபடி ரெண்டாவது ஷிப்ட்டுக்கே மாத்திடுங்க பாய். பழையபடியே இருந்துக்கறோம்."

யாரோ ஒருவர் சிரித்தார். இவ்வளவு பெரிய விஷயத்தில் இவன் ஷிப்ட் கேட்கிறானே என்று செயலாளர் அலுத்துக்கொண்டார். அங்கே இருந்தவர்களில் அவர் என்ன கேட்கிறார் என்று புரிந்தது அக்காவுக்கும் எனக்கும் மட்டும்தான். அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதாள். போய்விடுவாளோ, திரும்பவும் அந்த வீட்டுக்கே போகிறேன் என்று சொல்லிவிடுவாளோ என்று நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அத்தா எழுந்து வந்து கதவோரம் நின்று அவள் முகத்தைப் பார்த்தார்.

"அவரு கெட்டவரு இல்ல அத்தா" என்றாள். "யாரும் பார்க்காதப்ப ரொம்ப நல்லவரு. ஆனா நான் பார்க்கறேனே, என்ன பண்றது?"

கைக்குட்டையை அத்தாவிடம் நீட்டினாள். அவர் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

பிரிந்த பெண் காத்திருக்க வேண்டிய இத்தா காலம் முடியும்வரை வீட்டைவிட்டு வெளியே போகக்கூடாது என்று சிலர் கிளம்பினார்கள். பிழைப்புக்காகப் பகலில் போய்ப் பகலில் வரலாம் என்று இமாம் சொல்லிவிட்டார், சில முகங்கள் சுருங்கின. அடுத்த வாரமே அக்கா வேலைக்குப் போனாள். சம்பளம் இருந்த திமிரில்தான் புருஷனை விட்டாள் என்று தெருவில் பேசினார்கள். சம்பளம் இருந்ததால் விட முடிந்தது என்பது உண்மை, அதை நான் மறுக்க மாட்டேன். அம்மா ஒரு நாள் வெங்காயம் உரித்துக்கொண்டே, "எனக்கும் ஒரு கம்பெனி பஸ் வந்திருந்தா நானும் ஏறியிருப்பேன்" என்றாள். அத்தா மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அவள் உரித்துக்கொண்டே இருந்தாள்.

சிறுசேரியில் என் வேலை தொடர்ந்தது. ஆனால் ஒவ்வொரு பெயரை நீக்கும்போதும் இவர்கள் எந்தச் சாவியை யாரிடம் வாங்கிக்கொண்டிருந்தார்களோ என்று நினைப்பு வந்துவிடும். கை பழையபடி கூசத் தொடங்கியது.

சில மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் அக்காவை அழைத்துவரத் தாம்பரம் நிறுத்தத்துக்குப் போனேன். ஜூஸ் கடை வாசலில் மச்சான் நின்றுகொண்டிருந்தார். கேட்ட இரண்டாவது ஷிப்ட் அப்போதுதான் கிடைத்திருந்தது. இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அவர்மேல் கோபம் வர வேண்டும், வரவில்லை.

ஸ்ரீபெரும்புதூர் பஸ் வந்து நின்றது. அக்கா தூக்கக் கலக்கத்தோடு இறங்கினாள். இறங்கும்போதே அவள் வலது கை முன்னால் வந்து உள்ளங்கை விரிந்திருந்தது. அவர் கை சட்டைப் பைக்குள் போனது. சாவியை எடுத்தே விட்டார்.

அப்போதுதான் இரண்டு பேருக்கும் நினைவு வந்தது. அக்கா கையை இழுத்துத் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். புதுப் பூட்டு வாங்கியிருக்கிறார். வளையத்தில் இரண்டு சாவியும் இருந்தன. ஒரகடம் பஸ் ஹாரன் அடித்தது. அவர் இரண்டையும் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடிப்போய் ஏறினார்.